பவளப்பாறைக் கணக்கெடுப்பு: முதல் முறை இறங்குபவர்களுக்கு

என் முதல் கணக்கெடுப்புக்காகப் பதினோரு நாட்கள் கடலில் இருந்தேன். கரை திரும்பி எண்களைக் கணினியில் ஏற்றியபோது அவற்றில் பாதி எதற்கும் உதவாது என்று தெரிந்தது. ஒரே பவளத்தை நான் ‘அண்மையில் இறந்தது’ என்றும், உடன் இறங்கியவர் ‘பாறை’ என்றும் எழுதியிருந்தோம். இரண்டு இடங்களின் ஜிபிஎஸ் குறிப்புகள் வரைபடத்தில் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்தன. சேகரித்த சிறு துண்டுகளுக்கு ஏற்றுமதி அனுமதி இல்லாததால் அவற்றை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வர வேண்டியதாயிற்று. ஸ்கூபா பயிற்சி முடித்து, கடல் உயிரியலில் ஓரளவு அறிமுகமும் உள்ள ஒருவர் இந்தத் தவறுகளைத் தாமும் செய்து பார்க்க வேண்டியதில்லை என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. கேள்வியை எழுதிய பிறகே முறையைத் தேடுங்கள்

‘எத்தனை இனங்கள் உள்ளன’ என்பதும் ‘பாறை நலமாக இருக்கிறதா’ என்பதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். முதலாவதற்குப் பரந்து தேட வேண்டும்: ஆழமான சரிவில் தொடங்கி ஆழமற்ற மேற்பரப்பு வரை, குகை வாய்கள், மணல் மேடுகள், நிழலான ஓரங்கள் என்று எல்லா வகை இடங்களிலும் நேரம் குறித்துக்கொண்டு நீந்திப் பட்டியலிட வேண்டும். இரண்டாவதற்கு ஒரே இடத்தில் அளவை நாடாவை விரித்து, எவ்வளவு பரப்பில் உயிருள்ள பவளம், எவ்வளவில் பாசி, எவ்வளவில் உடைந்த துண்டுகள் என்று அளக்க வேண்டும். நாடாவின் கீழ் விழுவதை மட்டும் எழுதினால் அரிய இனங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். நீந்திப் பட்டியலிட்டால் பரப்பளவு கிடைக்காது. இரண்டும் தேவையென்றால் இரண்டு தனி முக்குளிப்புகளாகத் திட்டமிடுங்கள். ஒரே முக்குளிப்பில் இரண்டையும் முடிக்க முயன்று இரண்டையுமே அரைகுறையாக விட்டவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘5 மீட்டர் ஆழத்தில் உயிருள்ள வன்பவளப் பரப்பு, சென்ற வெப்பக் காலத்துக்குப் பிறகு மாறியிருக்கிறதா?’ என்பது கேள்வி. ‘பவளப்பாறையின் நிலையை அறிதல்’ என்பது விண்ணப்பப் படிவத்துக்கான தலைப்பு; அதை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் எதையும் முடிவு செய்ய முடியாது.

2. ஆவணங்கள்: ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்

பவளப்பாறைகளில் கணிசமானவை ஏதேனும் ஒரு பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கின்றன. ஆகவே பெரும்பாலும் கீழ்க்கண்டவை தனித்தனியாகத் தேவைப்படும். ஒன்றைப் பெற்றால் மற்றவை தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

ஆய்வு அனுமதி, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நுழைவதற்கான அனுமதி, மாதிரி சேகரிக்கும் அனுமதி, உள்ளூர் ஆய்வு நிறுவனம் ஒன்றின் ஒப்புதல் கடிதம், குழுவினர் ஒவ்வொருவரின் முக்குளிப்புச் சான்றிதழும் மருத்துவத் தகுதிச் சான்றும், முக்குளிப்பு விபத்துகளையும் உள்ளடக்கிய காப்பீடு, ட்ரோன் பறக்கவிடுவதாக இருந்தால் அதற்குத் தனி அனுமதி.

‘படம் மட்டும்தான் எடுக்கப்போகிறோம், எதையும் தொடமாட்டோம்’ என்பவர்களுக்கும் பல இடங்களில் ஆய்வு அனுமதி கட்டாயம். அளவை நாடாவும் எழுதுபலகையுமாக இறங்கினாலே நீங்கள் சுற்றுலாப் பயணி இல்லை.

மாதிரி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வன்பவளங்கள் அனைத்தும், நீலப்பவளம், தீப்பவளம், குழாய்ப்பவளம் ஆகியவையும், அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. எல்லையைத் தாண்ட வேண்டுமானால், கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த காய்ந்த துண்டுக்கும், ஆல்கஹாலில் போட்ட நகக்கண் அளவுத் திசுவுக்கும் ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம். மரபணு ஆய்வு என்றால், ஒரு நாட்டின் மரபணு வளங்களைப் பிறர் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்தும் நகோயா நெறிமுறையின் கீழ் அந்த நாடு விதித்துள்ள நிபந்தனைகளும் சேர்ந்துகொள்ளும். முதல் முறை செல்பவருக்கு என் யோசனை: மாதிரியே எடுக்காதீர்கள். நல்ல படங்களைக் கொண்டு பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வரை அடையாளம் காண முடியும். மரபணு வேலையை உள்ளூர் ஆய்வகம் ஒன்றோடு சேர்ந்து அங்கேயே செய்யலாம்.

இன்னொரு பொறி, அனுமதிக் கடிதத்தில் இருக்கும் பெயர்கள். குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து கடைசி நேரத்தில் வேறொருவரைச் சேர்த்தால், அவர் படகில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். விண்ணப்பத்திலேயே இரண்டு மாற்றுப் பெயர்களைச் சேர்த்துவிடுங்கள். கடிதத்தின் நகலை நீர் புகாத உறையிலிட்டுப் படகிலேயே வைத்திருங்கள்.

3. எந்த மாதம், எந்த நேரம்

வெளிறலை, அதாவது வெப்பத்தால் பவளம் நிறமிழந்து வெளுப்பதை, பதிவு செய்வது நோக்கமென்றால், அந்தக் கடலின் வெப்பக் காலம் முடியும் தறுவாயில் இருக்க வேண்டும். இரண்டு மாதம் பிந்திப் போனால் பிழைத்தவை நிறம் மீண்டிருக்கும், இறந்தவற்றைப் பாசி மூடியிருக்கும். எது வெளிறி இறந்தது, எது வேறு காரணத்தால் இறந்தது என்று பிரிக்க முடியாது. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா செயற்கைக்கோள் தரவைக் கொண்டு ஒவ்வொரு கடற்பகுதிக்கும் ‘வெப்ப வாரங்கள்’ என்ற அளவை நாள்தோறும் வெளியிடுகிறது. ஓர் இடத்தின் மிக வெப்பமான மாதத்தின் வழக்கமான சராசரியைவிடக் குறைந்தது 1 டிகிரி செல்சியஸ் மிகுதியாக இருக்கும் வெப்பத்தை, கடந்த 12 வாரங்களுக்குக் கூட்டிய கணக்கு அது. அது 4-ஐத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளிறலையும், 8-ஐத் தொட்டால் கடும் வெளிறலையும் இறப்பையும் எதிர்பார்க்கலாம். கட்டணம் இல்லை. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அதைப் பார்த்து வாருங்கள்.

பொதுவான நலத்தை அளப்பதென்றால் மாதத்தைவிட முக்கியம், அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் திரும்பிச் செல்ல முடிவது. பெரும்பாசிகள் பருவத்துக்குப் பருவம் கூடிக் குறையும். வெவ்வேறு மாதங்களை ஒப்பிட்டால் பருவ மாற்றத்தைச் சீரழிவு என்று எழுதிவிடுவீர்கள்.

நாள் கணக்கில், கடல்மட்ட ஏற்ற இறக்கம் குறைந்த நாட்களையும், சூரியன் ஏறிய பிறகு காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரையிலான நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். மொத்த நாட்களில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றுக்கும் மழைக்கும் ஒதுக்குங்கள். பல முறை முக்குளித்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், கடைசி நாளில் முக்குளிப்பே வைக்காதீர்கள்.

4. செலவு எங்கே போகும்

பெரும் பங்கு படகுக்குப் போகும். என் கணக்கில் பாதிக்கு மேல். அடுத்து சிலிண்டர்கள், தங்குமிடம், அனுமதிக் கட்டணங்கள். புதியவர்கள் அஞ்சும் கேமராச் செலவு உண்மையில் சிறியது: நீர்புகா உறையுடன் கூடிய சாதாரணக் கையடக்கக் கேமரா போதும்.

ஒரு நாளில் எவ்வளவு முடியும் என்பதைச் சிலிண்டரில் உள்ள காற்றுதான் தீர்மானிக்கிறது. 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தம் வரை நிரப்பி, 50 பாரை மிச்சம் வைத்தால், கையில் இருப்பது 1,800 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 10 மீட்டர் ஆழத்தில், அழுத்தம் இரட்டிப்பதால், 40 லிட்டர் இழுப்பார். ஆக 45 நிமிடம். நீரோட்டத்தை எதிர்த்து நாடா விரிப்பவருக்கு அதுவும் கிடைக்காது. ஒரு நாளைக்கு இரண்டு நல்ல முக்குளிப்புகள், சில நாட்களில் மூன்று என்று வைத்துப் படகு நாட்களைக் கணக்கிடுங்கள்.

சிக்கனம் பார்க்கக் கூடாதவை இரண்டு: படகோட்டியின் அனுபவமும், படகில் இருக்க வேண்டிய அவசர ஆக்சிஜன் பெட்டியும். பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது மேசை வேலை. கடலில் ஒரு நாளுக்குக் கணினி முன்னால் மூன்று நாட்கள் எனக்கு ஆயின.

5. அழகான இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

படகோட்டியிடம் ‘நல்ல இடத்துக்குக் கூட்டிப் போங்கள்’ என்றால் அவர் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் இடத்துக்கே கூட்டிப் போவார். அங்கே அளந்த எண் அந்த ஒரு திட்டுக்குத்தான் பொருந்தும்; அதை வைத்து முழுப் பாறைத்தொடரைப் பற்றிப் பேச முடியாது. செயற்கைக்கோள் படத்தில் பாறையின் எல்லையைக் குறித்து, அதைக் காற்றெதிர்ப் பக்கம், காற்றொதுங்கிய பக்கம், உட்கடல் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் இடங்களைக் குலுக்கல் முறையில் எடுங்கள். நேரமிருந்தால் முதல் நாளில், படகின் பின்னால் கட்டிய பலகையைப் பிடித்தபடி மேற்பரப்பில் இழுபட்டுச் சென்று, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நின்று பார்த்ததை எழுதும் மாண்டா இழுவை முறையைப் பயன்படுத்துங்கள். பாறையின் பொது நிலை ஒரே நாளில் கண்ணுக்கு வந்துவிடும்.

என் இருபது கிலோமீட்டர் பிழையின் கதை இது: கருவி 12 டிகிரி 30 நிமிடம் என்று காட்டியதை நான் தாளில் 12.30 என்று எழுதினேன். கணினி அதைத் தசம டிகிரியாக எடுத்துக்கொண்டது. உண்மையில் அது 12.50. வித்தியாசம் 0.2 டிகிரி, அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். புறப்படும் முன் எல்லாக் கருவிகளையும் தசம டிகிரிக்கு மாற்றி, ஐந்து தசம இலக்கங்கள் எழுதுவது என்று குழுவுக்கு விதி வையுங்கள்.

6. முறையும் அதன் வரம்பும்

புதியவர்களுக்கு ஏற்றது, 1997 முதல் உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் பயன்படுத்திவரும் ரீஃப் செக் முறை. 100 மீட்டர் நாடாவை ஒரே ஆழத்தில் விரித்து, 20 மீட்டர் நீளமுள்ள நான்கு துண்டுகளை, இடையில் 5 மீட்டர் இடைவெளி விட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அரை மீட்டரிலும் நாடாவுக்குக் கீழே இருப்பது என்ன என்று எழுதினால், துண்டுக்கு 40, மொத்தம் 160 புள்ளிகள். வகைகள் பத்து: வன்பவளம், மென்பவளம், அண்மையில் இறந்த பவளம், ஊட்டச்சத்து மிகுதியைக் காட்டும் பாசி, கடற்பஞ்சு, பாறை, உடைதுண்டு, மணல், வண்டல், பிற. மீன்களையும் எண்ணுவதென்றால் நாடா விரித்து 15 நிமிடம் விலகியிருந்து, பயந்து ஒளிந்தவை திரும்பிய பிறகு, நாடாவை நடுவில் வைத்து 5 மீட்டர் அகலப் பட்டையில் எண்ண வேண்டும்.

இதன் வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 160-இல் ஒரு புள்ளி என்பது 0.625 சதவீதம். உயிருள்ள பவளம் 30 சதவீதம் என்று வந்தால், புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் பிழை எல்லை இருபுறமும் ஏழு சதவீதப் புள்ளி. ஒரே நாடாவை வைத்து ‘30-இலிருந்து 27-ஆகக் குறைந்தது’ என்று எழுதுவதற்கு ஆதாரம் இல்லை. அத்தகைய சிறு மாற்றம் தேவையென்றால் நாடாக்களைக் கூட்டுங்கள், அல்லது நிலையான முளைகள் அடித்து அதே கோட்டுக்குத் திரும்பிச் செல்லுங்கள். முளை அடிக்கவும் அனுமதி வேண்டும்.

பாறையின் மேல் சதுரச் சட்டகம் வைத்துப் படமெடுக்கும் முறையில் கடலில் நேரம் மிச்சமாகும், மேசையில் செலவாகும். படத்தில் தானாகப் புள்ளியிட்டு வகைப்படுத்தும் கோரல்நெட் போன்ற கருவிகள் உதவும். ஆனால் அவற்றை உங்கள் படங்களில் சிலநூற்றைக் கையால் குறித்துப் பழக்கிய பிறகே நம்ப வேண்டும்.

7. நாடாவின் மேல்

நாடாவைத் தொய்வில்லாமல் இழுத்து, பவளத்தைச் சுற்றாமல், ஓரங்களில் செருகிப் பிடிக்கவையுங்கள். அலையில் நாடா ஆடும். அரை மீட்டர் குறிக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பது தலையைச் சற்றுச் சாய்த்தாலே மாறிவிடும். நூலில் கட்டிய சிறு இரும்பு நட்டு ஒன்று போதும்: குறியிலிருந்து தொங்கவிட்டு, அது எதைத் தொடுகிறதோ அதை எழுதுங்கள். முதல் நாள் இதை அலட்சியம் செய்தபோது என் கண் ஒவ்வொரு முறையும் அருகிலிருந்த உயிருள்ள பவளத்துக்கே நழுவியதைப் பின்னர் படங்களை ஒப்பிட்டபோது கண்டேன். மணலை எழுத மனம் வரவில்லை போலும்.

பென்சிலைக் கயிற்றில் கட்டுங்கள், இரண்டாகக் கட்டுங்கள். மரப் பென்சில் கைநழுவினால் மேலே போய்விடும். சுருக்கெழுத்துகளை எழுதுபலகையின் ஓரத்தில் முன்பே எழுதி வைத்திருங்கள். ஃபின்களை (கால்துடுப்புகளை) தூக்கி, முழங்காலை மடக்கி மிதக்கக் கற்றுக்கொண்ட பிறகே இந்த வேலைக்கு வாருங்கள். கிளைப் பவளத்தின் மேல் ஒரு முறை ஃபின் பட்டால், அளக்க வந்த பரப்பை நீங்களே குறைத்துவிட்டீர்கள்.

இரண்டு பேர் எழுதப்போகிறீர்கள் என்றால், வேலை தொடங்குமுன் ஒரே நாடாவை இருவரும் தனித்தனியே எழுதி, மேலே வந்து ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிடுங்கள். எங்கள் பூசல் முழுவதும் ‘அண்மையில் இறந்தது’ என்ற வகையில்தான். பவளத்தின் சிறு உயிரிகளான பாலிப்கள் அமர்ந்திருந்த கிண்ண வடிவங்கள் கூர்மையாகத் தெரிந்து, வெண்மையாகவோ மெல்லிய பாசி படர்ந்தோ இருந்தால் அண்மையில் இறந்தது. அமைப்பு தேய்ந்து, வேறு உயிர்கள் ஒட்டி வளர்ந்திருந்தால் பாறை. இந்த எல்லையைப் படத்தோடு அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

8. பெயர் வைப்பது

நீருக்குள் பேரினத்தோடு நிறுத்துங்கள். ஒரே இனம் அலையடிக்கும் இடத்தில் தடித்தும், அமைதியான இடத்தில் மெலிந்தும் வளரும். வடிவத்தை மட்டும் பார்த்து இனப் பெயர் எழுதியவர்களின் பட்டியல்கள் நீளமாக இருக்கும், நம்பத் தகுந்தவையாக இரா.

பாலிப் அமர்ந்திருக்கும் சுண்ணாம்புக் கிண்ணத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் தனித்த ஒரு கிண்ணம் இருந்தால் அக்ரோபோரா. கிளை முழுதும் பரு போன்ற புடைப்புகளின் மேல் கிண்ணங்கள் பரவியிருந்தால் பொசிலோபோரா. அடுத்தடுத்த கிண்ணங்கள் ஒரே சுவரைப் பகிர்ந்தால் ஃபேவைட்டிஸ். ஒவ்வொன்றுக்கும் தனிச்சுவரும் இடையே பள்ளமும் இருந்தால் டிப்சாஸ்ட்ரியா. பகலிலும் நீண்ட பாலிப்களை நீட்டியிருப்பவற்றில் உணர்கொம்புகளை எண்ணுங்கள்: 24 என்றால் கோனியோபோரா, 12 என்றால் அல்வியோபோரா.

ஒவ்வொரு புதிய வகைக்கும் மூன்று படங்கள் தேவை: அளவுகோலுடன் முழுப் பவளக் கூட்டம் (பாலிப்கள் சேர்ந்து வளர்ந்த ஒரே திரள்), ஒரு பகுதி, கிண்ணங்கள் தெளியும் மிக அண்மைப் படம். போரைட்டிஸின் கிண்ணம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே என்பதால் மூன்றாவது படம் இல்லாமல் எந்த வல்லுநரும் உங்களுக்கு உதவ முடியாது.

பழைய கையேடுகளில் இந்தோ-பசிபிக் கடல்களுக்கு ‘ஃபேவியா’ என்று இருப்பவை 2012-க்குப் பிறகு டிப்சாஸ்ட்ரியா ஆகிவிட்டன. ஃபேவியா என்ற பெயர் இப்போது அட்லாண்டிக்குக்கு உரியது. பட்டியலை வெளியிடும் முன் ஒவ்வொரு பெயரையும் கடல் உயிரினப் பெயர்களுக்கான வோர்ம்ஸ் தரவுத்தளத்தில் சரிபாருங்கள். இல்லையேல் ஒரே பவளம் இரண்டு பெயர்களில் எண்ணப்படும்.

9. வெள்ளை எல்லாம் வெளிறல் அன்று

வெள்ளையாகத் தெரிந்ததும் ‘வெளிறல்’ என்று எழுதுவதே புதியவர்களின் மிகப் பொதுவான பிழை. அருகே சென்று பாருங்கள். கண்ணாடி போன்ற திசு இன்னும் இருந்தால் அது வெளிறல். பவளம் உயிரோடு இருக்கிறது. திசு இல்லாமல் எலும்புக்கூடு மட்டுமென்றால், எலும்புக்கூடு முழுமையாக இருக்கிறதா, கொத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளிமீன் கடித்தால் சுண்ணாம்பே பெயர்ந்து அலகுத் தடம் விழும். முள்முடி நட்சத்திர மீன் மேய்ந்தால் எலும்புக்கூடு சேதமில்லாமல் பெரிய வெள்ளைத் திட்டு நிற்கும். தட்டுப் பவளத்தின் அடியில் எட்டிப் பார்த்தால் அது பதுங்கியிருக்கக்கூடும். கிளைப் பவளத்தின் அடிப்பகுதியிலிருந்து வெண்மை ஏறி, இடுக்கில் சிறு நத்தைகள் கூட்டமாக இருந்தால் அவை பவளத் திசுவைத் தின்னும் ட்ருப்பெல்லா. உயிருள்ள திசுவுக்கும் வெண்மைக்கும் நடுவே கரிய பட்டை ஓடினால் கரும்பட்டை நோய்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. வெப்பத்தில் தவிக்கும் சில பவளங்கள் வெளிறும்போது பளீரென்ற நீலமோ இளஞ்சிவப்போ காட்டும். புதியவர் அதை மிகச் செழிப்பான பவளமாகப் பதிந்து, சிறப்புப் படமும் எடுத்துக்கொள்வார்.

நிறத்தைக் கணக்கில் கொள்ள, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் அட்டையைப் பயன்படுத்தலாம். வளரும் நுனிகளைத் தவிர்த்து, ஒரே பவளக் கூட்டத்தில் மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் ஆறுபடி அளவில் ஒப்பிட்டு எழுத வேண்டும். படத்தைப் பார்த்துப் பின்னால் செய்யக் கூடாது: சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மறைந்துவிடுவதால் கேமராவின் நிறம் ஏமாற்றும்.

கரீபியப் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. 2014-இல் ஃபுளோரிடாவில் முதலில் காணப்பட்டுப் பரவிய திசு இழப்பு நோய் இருபதுக்கும் மேற்பட்ட வன்பவள இனங்களைத் தாக்குகிறது. நோய் கண்ட இடத்தை அன்றைய கடைசி முக்குளிப்பாக வைத்து, அடுத்த இடத்துக்குப் போகும் முன் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யுங்கள்.

10. அன்றிரவே செய்ய வேண்டியவை

எழுதுபலகையை அழிக்கும் முன் படம் எடுங்கள். அன்றைய எண்களை அன்றே தட்டச்சு செய்யுங்கள்; ‘வ’ என்று எழுதியது வன்பவளமா வண்டலா என்பது மறுநாள் நினைவிருக்காது. படங்களின் பெயரில் இடம், ஆழம், நாடா எண், நாள் நான்கும் வரட்டும். இரண்டு நகல்களை இரண்டு பைகளில் வையுங்கள்.

பகுப்பாய்வில் ஒரு எச்சரிக்கை. தேடிய நேரம் கூடக்கூட இனங்களின் எண்ணிக்கையும் கூடும். ஆகவே 40 நிமிடம் தேடிய இடத்தையும் 90 நிமிடம் தேடிய இடத்தையும் நேரடியாக ஒப்பிடாமல், சம முயற்சிக்குக் குறைத்துக் கணக்கிடுங்கள். பட்டியலில் சில வரிகள் இனமாகவும் சில பேரினமாகவும் இருந்தால், பல்வகைமையை ஒரே எண்ணாகத் தரும் ஷானன் குறியீடு போன்றவற்றைக் கணக்கிடும் முன் அனைத்தையும் பேரினத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பல அனுமதிகளில், பயணம் முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள் அறிக்கையும் தரவும் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்தத் தேதியைக் கடிதம் கையில் கிடைத்த அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அதைத் தவறவிட்ட குழுவுக்கு அடுத்த ஆண்டு அனுமதி கிடைப்பது கடினம். அடுத்த ஆண்டு அதே நாடாவை அதே இடத்தில் விரிக்காவிட்டால், இந்த ஆண்டின் எண்ணோடு ஒப்பிட உங்களிடம் எதுவும் இராது.